தொண்ணூறு டிகிரி யாருடையது?

முழங்கால் அறுவை முடிந்து மூன்றாவது வாரம். மல்லாந்து படுத்திருப்பவரிடம் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார்: "நீங்களே மடக்குங்க, முடிஞ்ச வரைக்கும்." குதிகால் விரிப்பில் உரசிக்கொண்டு மெல்லப் பின்னுக்கு வருகிறது, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் கோனியோமீட்டரின் நடு ஆணி பொருந்துகிறது. அதன் ஒரு கை தொடையை ஒட்டி, இடுப்போரம் புடைத்திருக்கும் தொடையெலும்பு மேட்டைப் பார்க்கிறது; இன்னொரு கை கணுக்காலின் வெளிமுண்டைப் பார்க்கிறது. எழுபது. அடுத்து பிசியோவே குதிகாலைப் பிடித்து, நோயாளியின் முகத்தைக் கவனித்தபடி, இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். தொண்ணூறு. கேஸ் ஷீட்டில் இரண்டும் ஏறுகின்றன: ஆக்டிவ் 70, பேசிவ் 90.

மூட்டு இடம் கொடுத்துவிட்டது, தசைதான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்பது இந்த இருபது டிகிரி இடைவெளிக்கு மருத்துவம் சொல்லும் பொருள். சிகிச்சைக்கு அது போதும். ஆனால் அந்தத் தொண்ணூறு யாருடையது? மடங்கிய கால் ஒருவருடையது, மடக்கிய கை இன்னொருவருடையது. நலம் என்பது தன் முயற்சியால் வருவதா, பிறர் தருவதா, வரவேண்டிய நேரத்தில் தானே வருவதா என்று மதங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி, பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றில் டிகிரிக் கணக்காக வந்து நிற்கும் இடம் இது.

உடலை அளப்பது இப்படியென்றால், சென்னையின் கிண்டி வட்டாரத்துக்கு நிலத்தை அளக்கும் தொழில் பழக்கமானது. இங்குள்ள பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-இல் இந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கத்திலேயே, பரங்கிமலை அடிவாரத்தில், 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடித்தளம் அந்தக் கோடு. நிலத்தை அளப்பவருக்கு ஒரு நிம்மதி, நிலம் சும்மா கிடக்கும். மனித உடல் அப்படிக் கிடப்பதில்லை. சொன்னால் கேட்கிறது, பயந்தால் இறுகுகிறது, அளப்பவர்மேல் நம்பிக்கை வந்தால் இன்னும் கொஞ்சம் மடங்குகிறது. ஒரே மூட்டை ஒரே கை இரண்டு தடவை அளந்தாலும் நாலைந்து டிகிரி வித்தியாசம் வரும். அதனால் ஐந்து டிகிரிக்குக் குறைந்த முன்னேற்றத்தை அனுபவசாலிகள் முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். விறைத்த விரல் இத்தனை டிகிரி விரிந்தது என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை, எவ்வளவு விசை கொடுத்தபோது விரிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. பேசிவ் எண்ணுக்குள் தள்ளியவரின் பலமும் ஒளிந்திருக்கிறது.

முயற்சி யாருடையது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டு வைணவர்கள் சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு தளத்தில் எடுத்து மோதிக்கொண்டார்கள். சரணடையும் உயிர் குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே வாயால் கவ்விக்கொண்டு போகிறது. முன்னது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை, பின்னது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலை என்று பள்ளிக்கூடப் பாடம்போல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உள்ளே நுழைந்து பார்த்தால் விஷயம் இன்னும் நுட்பமானது.

குரங்குக்குட்டி பற்றிக்கொள்கிறது என்பது சரிதான். ஆனால் கிளைவிட்டுக் கிளை தாவுவது தாய். தேசிகரும் இதை மறுக்கவில்லை. பற்றுதல் என்பது அருளுக்குக் கொடுக்கும் விலை ஆகாது, அருள் இறங்குவதற்கு ஒரு வியாஜம், ஒரு சாக்கு மட்டுமே என்றுதான் அவர் சொன்னார். எதிர்த்தரப்போ, அந்த வியாஜமும் வேண்டாம், வரும் அருளை விலக்காமல் இருந்தாலே போதும் என்றது. பிசியோதெரபி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டும் காதில் விழும். பேசிவ் அளக்கும்போது நோயாளியிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: "டைட் பண்ணாதீங்க, லூசா விடுங்க." விலக்காமல் இருத்தல்! அதுவே எத்தனை கடினம் என்பது கால் உடைந்தவருக்குத்தான் தெரியும். வலிக்கும் என்ற பயத்தில் தசை தன்னால் இறுகும், விடு என்று மனம் சொன்னாலும் விடாது. அடுத்த கட்டம் ஆக்டிவ் அசிஸ்டட். நோயாளி தூக்குகிறார், பிசியோவின் உள்ளங்கை கீழே இருந்து தாங்கிக்கொண்டே கூடப் போகிறது. தூக்கியது யார் என்று அந்த நொடியில் இருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கலை பேதம் இங்கே ஒரே உடம்பில், ஒரே காலைப்பொழுதில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறது.

இந்த நகர்வை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில், மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையம் இயங்குகிறது. நின்றபடி இருக்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-இல் அங்கிருந்து வந்தது. வேலூர் சி.எம்.சி.யும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்ற மேசைமேல் வைக்கும் ரோபோ, பக்கவாதம் வந்தவரின் மணிக்கட்டையும் கையையும் பயிற்றுவிக்கிறது. இத்தகைய கருவிகளை வடிவமைப்பவர்கள் எல்லோருமே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. கருவி தாராளமாக உதவினால், நோயாளிக்கே தெரியாமல் அவருடைய உடல் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. உதவியே இல்லையென்றால் கை அசையவே அசையாது, மனமும் விட்டுப்போகும். தேவையான அளவுக்கு மட்டும் உதவு என்று நிரல் எழுத வேண்டும். தேவையான அளவு எது? தேசிகரும் லோகாசாரியரும் பிரிந்த இடம் ஏறக்குறைய இதுதான்.

மூட்டின் கதை டிகிரியில் என்றால், தசையின் கதை மதிப்பெண்ணில். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. போலியோவால் தசை தளர்ந்த குழந்தைகளைப் பரிசோதிக்க, பாஸ்டனில் ராபர்ட் லவெட்டுடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் 1912-இல் இதன் மூல வடிவத்தை எழுதினார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போரில் நரம்பு அறுந்தவர்களுக்காக 1943-இல் வெளியிட்ட கையேட்டில் இன்றைய உருவம் வந்தது. அசைவே இல்லையென்றால் 0. தசையில் ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பு குறுக்கே வராதபடி கிடத்தி வைத்தால் அசைகிறது என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3. அளப்பவர் கொடுக்கும் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. முழுப் பலம் 5.

இதில் ஒன்றும் மூன்றும் நின்று பார்க்க வேண்டியவை. மூன்றுக்கான தேர்வில் வெளியிலிருந்து எந்தச் சுமையும் வருவதில்லை. அவரவர் கையின் எடையை அவரவர் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று அதைவிட விசித்திரம். நோயாளி மடக்க நினைக்கிறார், எதுவும் நடக்கவில்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தசைநாண்மேல் விரல் வைத்திருக்கும் பிசியோவுக்கு மட்டும் ஒரு சிறு துடிப்பு தட்டுப்படுகிறது. "வருது, வருது, விடாதீங்க!" தன் விருப்பம் தன் உடலைத் தொட்டுவிட்டது என்ற செய்தி அவருக்கே இன்னொருவர் விரல் வழியாகத்தான் வந்து சேர்கிறது. 'நான் செய்கிறேன்' என்ற உணர்வைப் பற்றி எழுதிய தத்துவவாதிகளில், பிரெஞ்சுக்காரர் மேன் தெ பிரான், எதிர்ப்பைச் சந்திக்கும் முயற்சியில்தான் 'நான்' தன்னை அறிகிறது என்றார். கிரேடு ஒன்று அவருக்கு ஒரு திருத்தம் சொல்கிறது. சில நேரங்களில் 'நான்' இருப்பதை முதலில் அறிபவர் பக்கத்தில் இருப்பவர்.

ஆனால் இந்த மதிப்பெண் வீட்டுக்குப் போகும்போதுதான் வில்லங்கம். "பவர் எவ்வளவு சார் வந்திருக்கு?" "த்ரீ." "ஃபைவ்க்கு த்ரீதானா?" பரீட்சைத் தாளோடு வளர்ந்த சமூகத்துக்கு ஐந்துக்கு மூன்று என்றால் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். அப்பா இன்னும் முயற்சி பண்ண வேண்டும், தம்பி சோம்பேறித்தனம் பண்ணுகிறான் என்று வீடே பேசத் தொடங்குகிறது. உடல் வருந்தியதற்கு ஏற்ற கூலி நிச்சயம் என்று சொல்லும் குறள் பல சிகிச்சை அறைகளின் சுவரில் தொங்குகிறது. அது இடம்பெறும் ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். ஊழின் வலிமையைப் பேசும் 38-ஆம் அதிகாரத்தையும் அதே வள்ளுவர்தான் எழுதினார் என்பதைச் சுவர்கள் சொல்வதில்லை.

உடலோ இரண்டு அதிகாரங்களையும் படித்திருக்கிறது. அடிபட்ட முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால், முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே தடுத்துவிடும். அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்காது. வீக்கம் வடிந்தால், அதே முயற்சிக்கு அதிகப் பலம் வெளிப்படும். அறுந்து தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கைக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட நரம்பு, உள்ளங்கையின் சிறு தசைகளைப் போய்த் தொட ஏறக்குறைய ஓர் ஆண்டாகும். அதுவரை அந்தத் தசைகளுக்கு பூஜ்யம்தான். இந்த மாதங்களில் மூட்டு விறைக்காமல் காப்பது மனித முயற்சி. வளரும் வேகத்தை மனித முயற்சியால் கூட்ட முடியாது.

ஆகவே கிரேடு பலத்தைச் சொல்லும், பாடுபட்டதைச் சொல்லாது. பூஜ்யம் வாங்கியவர் ஐந்து வாங்கியவரைவிடப் பத்து மடங்கு உழைத்திருக்கலாம். ஆன்மிக உலகில் நடக்கும் பெரும் தவறு இந்த இரண்டையும் குழப்புவதுதான். 'நம்பினால் நடப்பாய்' என்று மேடையில் கூவுவதும், 'போன ஜென்மத்துப் பாவம்' என்று திண்ணையில் முணுமுணுப்பதும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் செய்வது ஒரே காரியம். உடலின் எண்ணை ஆளின் தகுதியாக மாற்றிவிடுகின்றன.

நம் மரபுக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது திருஞானசம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்று பெரியபுராணம் சொல்கிறது. முன் செய்த வினைக்கு இது பலன் என்று அறிந்துகொண்டு, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பதுதான் குறை என்பது அதன் தொடக்கத்திலேயே அவர் விடுக்கும் கண்டிப்பு. வினைக் கொள்கையை முழுதாக ஏற்றவர், அதைச் சாக்காக்க விடவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி இது யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டதை யோவான் நற்செய்தி பதிவுசெய்திருக்கிறது.

தள்ளிவிட்ட அந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டிய பதில் ஒன்று வேலூரில் உண்டு. சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். அவர் கால் தசைகளின் எண் கடைசிவரை பூஜ்யமாகவே இருந்தது. எத்தனை ஜெபமும் பயிற்சியும் அதை மாற்றவில்லை. தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்ய உட்கார்ந்த நிலையே போதும் என்று வழிகாட்டியவர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அவர்களின் மடங்கிப்போன விரல்களை விரியச் செய்தார் மேரி. பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1960-களில் வேலூரில் அந்தத் துறையையும், உள்நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையத்தையும் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ. அவரை 'மனவலிமையால் வென்றவர்' என்று மட்டும் சொல்லி முடிப்பது அநியாயம். அவர் கால்களின் பூஜ்யத்தை மறைக்கவும் இல்லை, அதை வெல்லவும் இல்லை. பூஜ்யம் எதைப் பற்றியது, எதைப் பற்றியது இல்லை என்று தெரிந்து வைத்திருந்தார்.

எண் சிகிச்சை அறையை விட்டு வெளியே போனால் அதன் குணம் மாறும். கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் உருவானது. பிரஸ் மெஷினில் விரல் கொடுத்தவர்கள் இத்தகைய பேட்டைகளில் தலைமுறைதோறும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, முழுக் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைக் கணக்கிட்டது. விரல் போகாமல் விறைத்துப்போனால் மூட்டின் டிகிரியும் தசையின் பலமும் சேர்ந்து சதவீதமாகும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் என்ற கோடு இருக்கிறது. அரசு வேலையில் இட ஒதுக்கீடு அந்தக் கோட்டைத் தொட்டவர்களுக்குத்தான். இங்கே ஒரு கொடுமையான முடிச்சு விழுகிறது. ஓராண்டு பாடுபட்டுப் பத்து டிகிரி கூட்டிக்கொண்டவர், அதனாலேயே கோட்டுக்குக் கீழே போய்விடலாம். மெய்வருத்தத்துக்குக் கிடைத்த கூலி, கைக்கு வரவேண்டிய உதவியைப் பறிக்கிறது. அப்படிப்பட்டவர் பரிசோதனையின்போது கையைக் கொஞ்சம் தளரவிட்டால் அவரை ஏமாற்றுக்காரர் என்று சட்டென்று சொல்லிவிட முடியுமா? கோடு போட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் சொன்னது இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. உடலின் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடக்கை துண்டிக்கப்பட்டவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்து வேலையும் தொடர்ந்தால் வருமான இழப்பு இல்லாமலேகூடப் போகலாம். மருத்துவர் தரும் எண்ணோடு நின்றுவிடாமல், இந்த மனிதர் இந்தக் கையால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்டாக வேண்டும். ஒரு சட்டத் தீர்ப்புக்குள் இத்தனை தெளிவான தத்துவம் அமைவது அபூர்வம்.

வழிபாட்டிலும் அதே கேள்விதான். நாற்காலியில் உட்கார்ந்து எழவும் மாடிப்படி ஏறவும் முழங்கால் நூறு டிகிரிபோல் மடங்கினால் சமாளிக்கலாம். தரையில் சப்பணமிடவும் குந்தவும் நூற்று முப்பதுக்கும் மேலே வேண்டும். 110-இல் நின்றுவிட்ட இருவருக்கு அந்த எண் ஒன்றல்ல. கோயிலில் விழுந்து கும்பிட்டுப் பழகியவருக்கும், சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைப்பவருக்கும், பரங்கிமலைத் தேவாலயத்துக்குப் படியேறிப் போய் முழந்தாளிடுபவருக்கும் மிச்சமுள்ள இருபது டிகிரி என்பது சாமி இருக்கும் தூரம். இஸ்லாமியச் சட்டம் இதை மிகுந்த பரிவோடு அணுகியிருக்கிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்காரவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம், அதுவும் இயலாதவருக்கு சைகை போதும். நோயில் விழுந்தவருக்கு, அவர் நலமாக இருந்தபோது செய்துவந்த நற்செயலின் கணக்கே தொடர்ந்து எழுதப்படும் என்ற நபிமொழியும் உண்டு. தசையால் முடிந்ததையும் மனிதர் விரும்பியதையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதும் ஏற்பாடு அது.

பிசியோதெரபியிலும் அதற்கு ஒப்பான ஒரு படிவம் இருக்கிறது. கனடாவில் 1995-இல் வெளியான அதில் கோனியோமீட்டருக்கும் கிரேடுக்கும் வேலையில்லை. உங்களால் இப்போது செய்ய முடியாத, செய்ய விரும்புகிற சில காரியங்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை நீங்களே மதிப்பெண் போடுங்கள் என்று அது நோயாளியையே கேட்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனைப் பிரிவிலும், தெருமுனை கிளினிக்கிலும், ஆக்டிவ் 70, பேசிவ் 90 என்ற வரிக்கு அடுத்த வரியாக அதை வைக்க முடியும். கிண்டியில் அந்த வரியில் விழுந்து கும்பிடுவதும் சஜ்தாவும் எழுதப்படும், பிரஸ் மெஷின் பெடலை மிதிப்பதும் எழுதப்படும். எந்தத் தசைக்கு, எந்த டிகிரிக்கு முதலில் பாடுபடுவது என்பதை பிசியோ அங்கிருந்து தொடங்கலாம்.